'பீர்ஃபெஸ்ட்' படத்தின் பாரி பத்ரிநாத்: பெருமைப்படுவதா, சங்கடப்படுவதா?

கேள்வி:
2006இல் வெளிவந்த 'பீர்ஃபெஸ்ட்' என்னும் அமெரிக்க நகைச்சுவைப் படத்தை அண்மையில் மீண்டும் பார்த்தேன். தாத்தாவின் அஸ்தியுடன் மியூனிக் நகரின் அக்டோபர் விழாவுக்குச் செல்லும் இரு சகோதரர்கள், அங்கே மறைவாக நடக்கும் குடிப்போட்டியில் ஜெர்மானியரிடம் அவமானப்பட்டு, ஊர் திரும்பி ஐவர் அணி ஒன்றைத் திரட்டுகிறார்கள். அந்த ஐவரில் ஒருவனான பாரி பத்ரிநாத்தாக நடித்தவர் படத்தின் இயக்குநர் ஜெய் சந்திரசேகர். சிகாகோவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். குடி விளையாட்டுகளில் ஒரு காலத்தில் மன்னனாக இருந்த பாரி, இப்போது தெருவில் உடலை விற்றுப் பிழைக்கிறான். நம்மவர் ஒருவர் தமக்கென்று இப்படியொரு பாத்திரத்தை வைத்துக்கொண்டதை எப்படி எடுத்துக்கொள்வது?

மறுமொழி 1:
சங்கடப்பட ஏதுமில்லை என்பேன். அக்காலத்து அமெரிக்கத் திரையில் இந்தியர் என்றால் பெரும்பாலும் கடைக்காரர் அல்லது டாக்ஸி ஓட்டுநர். அவருடைய உச்சரிப்பே சிரிப்புக்கு மூலதனம். 'சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன் தொடரில் அப்பு என்னும் இந்தியக் கடைக்காரருக்குக் குரல் கொடுத்த ஹேங்க் அசாரியா, இனிக் கொடுப்பதில்லை என்று சொன்னதே 2020இல்தான். பாரியோ மற்ற நால்வரைப் போலவே வெட்கங்கெட்டவன், அவ்வளவே. கோல்கேட் பல்கலைக்கழகத்துக் கால நட்பிலிருந்து உருவான 'ப்ரோக்கன் லிசர்ட்' என்னும் நகைச்சுவைக் குழுவினர் தாமே எழுதித் தாமே நடித்ததால், நல்ல வேடம் கேட்டு அக்குழுவைச் சேர்ந்த சந்திரசேகர் யார் வாசலிலும் நிற்க வேண்டியிருக்கவில்லை. அதே குழுவின் 'சூப்பர் ட்ரூப்பர்ஸ்' படத்தில் அவர் ஏற்ற காவலரின் பெயர் ஆற்காட் ராமதார்ன். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநில நெடுஞ்சாலையில் நம் ஆற்காடு!

மறுமொழி 2:
பெண்ணாக இருந்து பார்ப்பதால் நான் இதில் பாதியைத்தான் ஏற்க முடியும். நினைவில் நிற்கும் பெண் பாத்திரங்கள் இரண்டே: க்ளோரிஸ் லீச்மன் நடித்த கொள்ளுப்பாட்டி, மோனிக் நடித்த உளவாளி செர்ரி. மற்ற பெண்கள் பெரும்பாலும் சட்டையைக் கழற்றுவதற்காகவே வந்துபோகிறார்கள். பாட்டியும் இளமையில் பாரியின் தொழிலைச் செய்தவள் என்பதைக் கவனித்தீர்களா? பாரிக்கு அது விழுந்து எழும் நாயகனின் பழைய அத்தியாயமாக அமைய, பாட்டிக்கோ அது எதிரணியினர் அவள் குடும்பத்தின் முகத்தில் வீசும் வசையாகிறது. மோனிக் 2010இல் ஆஸ்கர் வாங்கியவர். லீச்மன் அதற்கு வெகுகாலம் முன்பே வாங்கிவிட்டார். இத்தகைய இருவரை வைத்துக்கொண்டு எழுதியது இவ்வளவுதானா என்ற எரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை.

மறுமொழி 3:
ஜெர்மானியரை மறந்துவிட்டீர்கள். அணியில் உள்ள ஃபிங்க் என்னும் யூதரின் மன ஒருமையைக்கூட அவருடைய யூதத்தன்மையை வைத்தே சிரிக்க வைக்கும் இப்படத்தில், ஜெர்மானியர் அனைவரும் ஒரே அச்சில் வார்த்த முரடர்கள். ஆனால் ஓரிடத்தில் கேலி திசை திரும்புகிறது. இறுதிப் போட்டியில் காலணி வடிவக் கண்ணாடிக் குவளையை 'தாஸ் போட்' என்கிறார்கள். ஆங்கிலத்தில் 'boot' என்றால் காலணி. ஜெர்மன் மொழியில் அதே எழுத்துகள் கொண்ட சொல்லுக்குப் பொருள் காலணியன்று, படகு. அச்சொல்லையே தலைப்பாகக் கொண்ட 1981ஆம் ஆண்டுப் படத்தில் நீர்மூழ்கிக் கப்பலின் தலைவராக நடித்த யூர்கன் புரோக்னோதான் இங்கே எதிரணித் தலைவர். இங்கு மாட்டிக்கொள்வது, ஜெர்மானியரைப் போர்ப் படங்களின் வழியாக மட்டுமே அறிந்த அமெரிக்கப் பார்வையாளர் என்று எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி கேட்டவர்:
பாட்டியையும் பாரியையும் அருகருகே வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவேயில்லை, அம்மா. சகோதரர்களில் ஒருவராக நடித்த எரிக் ஸ்டோல்ஹான்ஸ்கே செயற்கைக் காலுடன் வாழ்பவர். அவரையும் படம் மற்றவர்களைப் போலவே ஒரு குடிகாரராக நடத்துகிறது. குழுவில் இருந்தவர்களுக்கெல்லாம் கிடைத்த இந்தச் சலுகை, குழுவில் ஒரு பெண்ணும் இல்லாததால் பெண்களை எட்டவில்லை போலும்.