மயிலாப்பூரிலிருந்து சோழிங்கநல்லூருக்குத் தினமும் காரில் செல்வது சரியா?

கேள்வி (மயிலைவாசி):
சோழிங்கநல்லூர் அலுவலகத்திற்கு இதுவரை பேருந்தில் சென்று வருகிறேன். மெட்ரோவின் மாதவரம்–சிறுசேரி வழித்தடப் பணிகளால் பழைய மகாபலிபுரம் சாலை குறுகிவிட்ட இந்நிலையில், கடன் வாங்கிக் கார் வாங்கலாமா என்று யோசிக்கிறேன். அனுபவமுள்ளவர்கள் கூறுங்கள்.

மறுமொழி (தரமணிக்காரன்):
காரில் ஏறினால் நெரிசல் குறைந்துவிடாது, ஐயா. பேருந்து நிற்கும் அதே வரிசையில்தான் நீங்களும் நிற்பீர்கள். 2007 முதல் வேளச்சேரி வரை ஓடும் பறக்கும் ரயிலில் திருமயிலையில் ஏறித் திருவான்மியூரில் இறங்கினால், நகருக்குள் இருக்கும் சிக்னல்கள் அனைத்தையும் தவிர்த்துவிடலாம்; அங்கிருந்து பேருந்தோ பங்கு ஆட்டோவோ பிடித்தால் போதும். நான்கு ஆண்டுகளாக இப்படித்தான் செல்கிறேன்.

மறுமொழி (இரவுப்பணி):
தரமணிக்காரன் கூறுவது பகலுக்குப் பொருந்தும். எனக்கோ பணி முடிய நள்ளிரவாகிவிடும். அந்நேரத்தில் ரயில் இல்லை, நடைபாதையும் பல இடங்களில் தோண்டப்பட்டுக் கிடக்கிறது. பெண்கள் கார் வாங்குவதை ஆடம்பரம் என்று சொல்லிவிடாதீர்கள். ஆனால் தனியாக ஓட்டாமல், அதே தெருவில் வசிக்கும் சக ஊழியர்கள் இருவரை ஏற்றிக்கொண்டு பெட்ரோல் செலவைப் பகிர்ந்துகொள்கிறேன்.

மறுமொழி (மயிலைவாசி):
மிக்க நன்றி. என் பணி நேரம் பகல்தான் என்பதால், கடன் விண்ணப்பத்தை நிறுத்திவைத்துவிட்டு, திங்கட்கிழமை முதல் ஒரு மாதம் ரயிலில் சென்று பார்க்கிறேன். திருமயிலை நிலையத்தில் இருசக்கர வாகனம் நிறுத்தக் காலையில் இடம் கிடைக்குமா?