விற்றால் தீருமா இலங்கையின் நட்டம்?

கணக்கன்:
2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்ட முடியாது என்று இலங்கை கைவிரித்தது. அதன் பிறகும் மின்சார சபை, பெற்றோலியக் கூட்டுத்தாபனம், ஸ்ரீலங்கன் விமான சேவை என்று அரச நிறுவனங்களின் நட்டத்தைக் கட்டி அழ வேண்டுமா? அரச வங்கிகளில் கடன் வாங்கி ஓட்டையை அடைத்த காலம் போதும். விற்றுத் தள்ளுங்கள்.

பனங்காடு:
நட்டம் வந்த வழியை முதலில் பாருங்கள். பல ஆண்டுகளாக மின் கட்டணத்தை உயர்த்தாமல் வைத்திருந்தது பொறியியலாளர்களா? வாக்குக்குப் பயந்த அமைச்சர்கள். பிறகு 2022 ஆகஸ்டில் 75 வீதம், 2023 பெப்ரவரியில் 66 வீதம் என்று எங்கள் தலையில் இறக்கினார்கள். 2019 இறுதியில் வற் (பெறுமதி சேர்) வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைத்துத் திறைசேரியை வெறுமையாக்கியதும் கூட்டுத்தாபனங்கள் அல்ல, அமைச்சரவைதான்.

கணக்கன்:
வரிக்குறைப்புக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. நீங்கள் சொல்வதுதான் என் வாதமும். நிறுவனம் அமைச்சரின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும்வரை அதன் கட்டணம் தேர்தல் விலைதான்.

பனங்காடு:
தனியாரிடம் போனால் எட்டாதா? 1998 முதல் 2008 வரை விமான சேவையை நடத்தியது எமிரேட்ஸ். 2007 இறுதியில், லண்டனிலிருந்து திரும்பவிருந்த ஜனாதிபதியின் பரிவாரத்துக்காக டிக்கெட் எடுத்த பயணிகளை இறக்க முடியாது என்றார் தலைமை நிர்வாகி. அவருடைய தொழில் விசாவே பறிபோனது. எமிரேட்ஸும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விலகியது.

கணக்கன்:
எமிரேட்ஸ் காலத்தில் இலாபம் காட்டிய ஆண்டுகளும் உண்டு. அதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? அரசு கையில் எடுத்த பிறகுதான் நட்டம் மலையானது.

ஆற்றங்கரை:
இருவரும் உரிமையாளர் யார் என்பதிலேயே நிற்கிறீர்கள். மின் கட்டணத்தை அங்கீகரிக்கும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் தலைவர் கட்டண உயர்வை எதிர்த்து நின்றார்; அவரை 2023 மே மாதம் நாடாளுமன்றம் வாக்களித்து நீக்கியது. அவர் போட்ட கணக்கு சரியா பிழையா என்பது வேறு (எனக்கு அதில் உடன்பாடில்லை). நாளை தனியார் மின் கம்பனி வந்தால் அதைக் கேள்வி கேட்க எந்த ஆணைக்குழு துணியும்? அதே ஆண்டு வந்த மத்திய வங்கிச் சட்டத்தையும் பாருங்கள். அரசாங்கத்துக்காகப் பணம் அச்சிடும் வழியை அடைத்தது. எதையும் விற்காமல் செய்த சீர்திருத்தம் அது.

கணக்கன்:
சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் கடனைக் காட்டி நெருக்கியதால் வந்த சட்டம். தானாக முன்வந்து தன் கையைக் கட்டிக்கொண்ட அமைச்சர் யார்? பெரும்பான்மை உள்ள அரசு நாளைக்கே அதைத் திருத்திவிடலாம். விற்றதைத் திரும்ப எடுப்பது அவ்வளவு எளிதல்ல.

பனங்காடு:
வாங்குபவர் கடனையும் சேர்த்தா வாங்குவார்? விமான சேவையை விற்க முயன்றபோது கடனில் ஒரு பகுதியை அரசே ஏற்கத் திட்டமிட்டது.

கணக்கன்:
பழைய கடன் எப்படியும் அரசின் தலையில்தான். அடுத்த ஆண்டு நட்டமாவது வராமல் இருக்கும்.

பனங்காடு:
அரசின் தலை என்று எளிதாக எழுதிவிட்டீர்கள். 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது வங்கிகளிடம் இருந்த திறைசேரி முறிகளை (அரசின் கடன் பத்திரங்களை) தொடவில்லை. தொழிலாளரின் ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியைத்தான் தொட்டார்கள். விமான சேவையின் கடனுக்கு எந்த நிதியைத் தொடுவார்கள் என்று விற்கச் சொல்பவர்கள் முதலில் சொல்லட்டும்.