அடிக்கடி கரண்ட் போகிற ஊரில் கணினி வேலை: வேர்டிலும் விண்டோஸிலும் நமக்குத் தெரியாமல் கிடக்கும் வசதிகள் என்னென்ன?

யாங்கோன் டைப்பிங் கடை:

எல்லோருக்கும் வணக்கம். யாங்கோனில் அனோரதா சாலைப் பக்கம் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். தமிழ், பர்மியம், ஆங்கிலம் மூன்றிலும் வேலை வரும். நேற்று ஒரு கோயிலுக்குப் பங்குனி உத்திர நோட்டீஸ் அடித்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்வதற்குள் கணினி அணைந்துவிட்டது. கரண்ட் வந்ததும் கடைப் பையன் வேர்டைத் திறந்திருக்கிறான். இடது பக்கம் ஏதோ பட்டியல் வந்ததாம், அதை மூடிவிட்டான். புது ஃபைல், இன்னும் பெயர் கொடுத்துச் சேமிக்கவில்லை. உபயதாரர் பெயர்கள் மட்டுமே ஒரு முழுப் பக்கம். கையால் எழுதிய தாளையும் கோயில்காரர் திரும்ப வாங்கிப் போய்விட்டார்.

இதை மீட்க முடியுமா? இனிமேல் இப்படி ஆகாமலிருக்க கணினிக்குள்ளேயே ஏதாவது வழி இருக்கிறதா? மாதக் கட்டணம் கேட்கும் எதுவும் வேண்டாம். இணையமும் பாதி நேரம் இருப்பதில்லை.

பெகு கணக்கர்:

கவலைப்படாதீர்கள், பெரும்பாலும் கிடைத்துவிடும். வேர்டைத் திறந்து ஃபைல், இன்ஃபோ, மேனேஜ் டாக்குமெண்ட் என்று போனால் ‘ரெக்கவர் அன்சேவ்டு டாக்குமெண்ட்ஸ்’ என்று ஒன்று இருக்கும். முதலில் அங்கே பாருங்கள். இல்லையென்றால் விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் பெட்டியில் ஆப்டேட்டா என்று ஆங்கிலத்தில், முன்னும் பின்னும் விழுக்காட்டுக் குறி போட்டு எழுதி என்டர் தட்டுங்கள். அது மறைத்து வைக்கப்பட்ட ஃபோல்டர், சாதாரணமாகக் கண்ணில் படாது. அதற்குள் மைக்ரோசாஃப்ட், அதற்குள் வேர்ட். ஏ.எஸ்.டி. என்று முடியும் ஃபைல் இருந்தால் அதுதான். உடனே வேறு இடத்துக்கு ஒரு நகல் எடுத்துவிட்டு, நகலை வேர்டின் ஓப்பன் வழியாகத் திறங்கள்.

மோல்மேன் அச்சுக்காரன்:

தம்பி, பெகு நண்பர் சொன்னபடி முதலில் தேடிப் பாருங்கள். இனிமேல் செய்ய வேண்டியதை நான் சொல்கிறேன். ஈய எழுத்துக் கோத்த காலத்திலிருந்து அச்சுத் தொழிலில் இருக்கிறேன். ஒரு வீட்டுக் கல்யாணப் பத்திரிகை, ஒரு கோயில் நோட்டீஸ் என்றால் அதில் இருக்கும் ஒவ்வொரு பெயரும் ஒரு மனிதருக்கு முக்கியம். அது தொலையக் கூடாது.

வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ். ஆட்டோரெக்கவர், அதாவது வேர்ட் தானாகவே பிரதி எடுத்து வைப்பது, 10 நிமிடத்துக்கு ஒருமுறை என்று இருக்கும். அதை 1 என்று மாற்றுங்கள். 10 நிமிடத்தில் எத்தனை பெயர் அடிக்கிறோம், யோசியுங்கள். அப்புறம் அதே ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு போய்க் கீழே இறங்கினால், சேவ் என்ற தலைப்பின் கீழ் ‘ஆல்வேஸ் கிரியேட் பேக்கப் காப்பி’ என்று ஒரு கட்டம். பலர் அந்த இடத்துக்கே போயிருக்க மாட்டார்கள். அதை டிக் செய்தால், நீங்கள் ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் அதற்கு முன் சேமித்த பிரதியை அதே ஃபோல்டரில் தனியாக வைத்துக்கொள்ளும். சேமித்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய் ஃபைல் கெட்டுப்போனால், இந்தப் பழைய பிரதிதான் கை கொடுக்கும். வேர்டுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸிலும் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லோட்/சேவ், ஜெனரல் என்று போனால் இதே வசதி உண்டு.

பழைய தமிழ் எழுத்துருக்களுக்காக இன்னும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளை வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், நானும் அதில்தான் பத்திரிகை அடிக்கிறேன். 2001இல் வந்த 7ஆம் பதிப்புக்குப் பிறகு புதுப் பதிப்பு வரவில்லை. ஆனால் அதற்குள் இருக்கும் ஒரு வசதியை எண்ணி இன்றும் வியக்கிறேன். பக்கம் மாறும்போதும், பக்கம் சேர்க்கும்போதும், நீக்கும்போதும் அது தானாகவே ஒரு ‘மினி சேவ்’ செய்துவிடும். திரையின் அடியில் 1, 2, 3 என்று சின்னச் சின்னப் பக்கப் படங்கள் இருக்கின்றன அல்லவா, நீங்கள் நிற்கும் பக்கத்தின் படத்தையே ஒரு தட்டுத் தட்டினாலும் போதும், மினி சேவ் ஆகிவிடும். ஏற்கெனவே பெயர் கொடுத்துச் சேமித்த ஃபைலாக இருந்தால், கரண்ட் போய் வந்த பிறகு திறக்கும்போது அந்த மினி சேவ் வரை வந்து நிற்கும். இன்னொன்று: ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ஃபைல் மெனுவில் ரிவர்ட் கொடுத்தால், கடைசியாக முழுதாகச் சேமித்த இடத்துக்குப் போகாமல் கடைசி மினி சேவுக்குப் போகும். ஒரு கட்டத்தை நகர்த்தப் போய் பக்கமே கலைந்துவிட்டால் எனக்கு இதுதான் துணை. என்னிடம் வேலை கற்க வரும் பிள்ளைகளுக்கு எழுத்துரு மாற்றச் சொல்லித் தருவதற்கு முன்பே பக்கப் படத்தைத் தட்டச் சொல்லித் தருகிறேன்.

மண்டலே அக்கா:

அண்ணன் சொன்னதோடு இரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று மொழியில் வேலை செய்கிறீர்கள், விண்டோஸ் கீயோடு ஸ்பேஸ் அழுத்தி விசைப்பலகை மாற்றுவது தெரிந்திருக்கும். ஆனால் செட்டிங்ஸில் விசைப்பலகையின் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போனால், ஒவ்வொரு விண்டோவுக்கும் தனித்தனி மொழி வைக்க ஒரு கட்டம் இருக்கிறது. டிக் செய்துவிட்டால் வேர்ட் தமிழிலேயே நிற்கும், பக்கத்தில் அரட்டை விண்டோ பர்மியத்திலேயே நிற்கும். மாற்றி மாற்றி அழுத்தும் தொல்லை விட்டது.

இன்னொன்று விண்டோஸ் கீயோடு வி எழுத்து. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட் முதல் இது இருக்கிறது. முதல்முறை அழுத்தும்போது ‘டர்ன் ஆன்’ கேட்கும், கொடுத்துவிடுங்கள். அப்புறம் காப்பி செய்தவற்றில் கடைசி 25 வரை பட்டியலாக வரும். கணினி அணைந்தால் பட்டியல் போய்விடும், பின் குத்தி வைத்தவை மட்டும் போகாது. மண்டபத்தின் முகவரி, ‘தங்கள் நல்வரவை நாடும்’ போன்ற வரிகள் எல்லாவற்றையும் பின் குத்தி வைத்திருக்கிறேன். ஒன்று மட்டும், வாடிக்கையாளரின் கடவுச்சொல்லையோ அட்டை எண்ணையோ காப்பி செய்தால் அதுவும் பட்டியலில் நிற்கும். வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

யாங்கோன் டைப்பிங் கடை:

கிடைத்துவிட்டது! பெகு நண்பர் சொன்ன மறைந்த ஃபோல்டரில்தான் இருந்தது. கடைசிச் சில பெயர்கள்தான் இல்லை, கோயிலுக்குப் போன் போட்டுக் கேட்டு அடித்துவிட்டேன். மூன்று பேருக்கும் மிக்க நன்றி. ஆட்டோரெக்கவர் இப்போது 1 நிமிடம், பேக்கப் கட்டமும் டிக் ஆகிவிட்டது.

அண்ணே, இன்னும் ஒரு சந்தேகம். கடையில் ஒரு பழைய யுபிஎஸ் சும்மா கிடக்கிறது. பேட்டரி மாற்றினால் கொஞ்ச நேரம் நிற்கும் என்கிறார்கள். அதன் பின்னால் யுஎஸ்பி துளை ஒன்று இருக்கிறது, அது எதற்கு?

மோல்மேன் அச்சுக்காரன்:

அந்தத் துளையைத்தான் எல்லோரும் சும்மா விட்டுவிடுகிறார்கள் தம்பி. பேட்டரி மாற்றி, அங்கிருந்து கணினிக்கு ஒரு வயர் கொடுங்கள். பல யுபிஎஸ்களை விண்டோஸ் தானாகவே அடையாளம் கண்டுகொண்டு, மடிக்கணினியில் இருப்பதுபோல் கீழே பேட்டரி படத்தைக் காட்டும். சிலவற்றுக்கு அந்தக் கம்பெனியின் மென்பொருள் வேண்டியிருக்கும். படம் வந்துவிட்டால் பவர் ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு, பேட்டரி, ‘கிரிட்டிக்கல் பேட்டரி ஆக்‌ஷன்’ என்பதை ஹைபர்னேட் என்று வையுங்கள். யுபிஎஸ் தீரும் நேரத்தில் நீங்கள் கடையில் இல்லாவிட்டாலும், திறந்திருக்கும் எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்கில் எழுதிவிட்டு அதுவே அணையும். திரும்பப் போட்டால் விட்ட இடத்திலேயே வந்து நிற்கும். பட்டியலில் ஹைபர்னேட் என்ற சொல்லே இல்லையென்றால், கட்டளை அடிக்கும் விண்டோவான கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, பவர்சிஎஃப்ஜி என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு, சாய்கோடு போட்டு ஹைபர்னேட், மறுபடி இடம் விட்டு ஆன் என்று எழுதி என்டர் தட்டுங்கள்.

அங்கேயே ஸ்லீப் என்பதன் கீழ் ‘அலோ ஹைப்ரிட் ஸ்லீப்’ ஆன் என்று இருக்கிறதா பாருங்கள். மதியம் சாப்பிடப் போகும்போது கணினியைத் தூங்க வைத்துவிட்டுப் போனால், இடையில் கரண்ட் போனாலும் வேலை அப்படியே இருக்கும். பேட்டரி வாங்கும்போது பழையதன் வோல்ட், ஆம்பியர் அளவை எழுதிக்கொண்டு போங்கள். யுபிஎஸ்ஸில் பிரிண்டரை மாட்டாதீர்கள், லேசர் பிரிண்டர் சூடாகும் நேரத்தில் இழுக்கும் கரண்டைச் சின்ன யுபிஎஸ் தாங்காது.