பஸ்ஸில் கவாத்துக் கத்தி கொண்டுபோனால் குற்றமா?

கோத்தகிரி தேயிலை:
எங்கள் தோட்டத்துக்குக் கவாத்து வெட்ட, அதாவது தேயிலைச் செடியின் கிளைகளைக் கத்தரிக்க வந்த இரண்டு பேரைப் போன வாரம் பஸ் ஸ்டாண்டில் சோதனை போட்டு நிறுத்திவிட்டார்கள். பையில் கவாத்துக் கத்தி இருந்ததுதான் காரணம். மத்தியானம் வரை உட்காரவைத்து, பெயர், ஊர் எழுதிக்கொண்டு அனுப்பினார்கள். கத்தியைத் திருப்பித் தரவில்லை. அன்றைய கூலியும் போயிற்று.

அந்தக் கத்தி என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முனை கொஞ்சம் வளைந்திருக்கும், பிடியில் பழைய சைக்கிள் ட்யூப் சுற்றியிருக்கும். கிளையைச் சாய்வாக, ஒரே வெட்டில் வெட்ட வேண்டும். பிளந்துவிட்டால் செடிக்குள் தண்ணீர் இறங்கி அழுகிவிடும். அதனால் ஒவ்வொருவரும் தன் கைக்குப் பழகின கத்தியைத் தானே சாணை பிடித்து வைத்திருப்பார். தோட்டத்துக் கத்தியைக் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். இன்றைக்கு ஒரு தோட்டம், நாளைக்கு இன்னொன்று என்று போகிறவர்கள் கத்தியைப் பஸ்ஸில் கொண்டுபோகாமல் வேறு எப்படிக் கொண்டுபோவது?

சேரிங்கிராஸ் கடை:
அண்ணா, உங்கள் ஆட்கள் நல்லவர்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சோதனை போடுகிற போலீஸ்காரருக்கு அது எப்படித் தெரியும்? மே மாத சீசனில் ஊட்டி சேரிங்கிராஸில் எங்கள் கடை வாசலில் வண்டி நிறுத்துவதில் தகராறு. வெளியூர்ப் பையன் ஒருவன் காரிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்தான். விலக்கப் போன எங்கள் கடைப் பையனுக்கு உள்ளங்கையில் ஏழு தையல். இன்னும் சுண்டுவிரல் மடங்கவில்லை. பஸ் ஸ்டாண்ட், மார்க்கெட், ஏரி மாதிரி கூட்டம் சேரும் இடங்களில் எந்தக் கத்தியும் கூடாது என்றே வைக்க வேண்டும். வேலைக் கத்தியைத் தோட்டத்திலேயே வைத்துப் பூட்டுங்கள்.

கூடலூர் வக்கீல்:
சட்டம் என்ன சொல்கிறதென்று முதலில் பார்த்துவிடலாம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், பிரிவு 2. ஆயுதம் என்றால் தாக்கவோ தற்காத்துக்கொள்ளவோ செய்யப்பட்ட பொருள். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே செய்யப்பட்டது அந்த வரையறைக்குள் வரவே வராது. 2016ஆம் ஆண்டு விதிகள், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை ஆயுதப் பட்டியலில் சேர்க்கின்றன. அங்கேயும் வீடு, விவசாயம், அறிவியல், தொழில் இவற்றுக்கான கத்திகளுக்கு விலக்கு உண்டு. ஆகவே கவாத்துக் கத்தி எவ்வளவு நீளமாக இருந்தாலும் உரிமம் தேவையில்லை.

இன்னொன்று. சந்தேகத்தின் பேரில் ஒரு பொருளைக் கைப்பற்றினால் போலீஸ் உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். குற்றவியல் நடைமுறைக்கான புதிய சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் பிரிவு 106. வெறுமனே வாங்கி வைத்துக்கொள்ள முடியாது.

சேரிங்கிராஸ் கடை:
சார், அப்படியானால் எங்கள் பையனைக் கிழித்தது ஆயுதமே இல்லையா? அது ஒரு விரல் நீளம்தான் இருக்கும். 9 அங்குலம் என்று கோடு போட்டவர்கள் 4 அங்குலக் கத்தி செய்கிற வேலையைப் பார்த்ததில்லை.

கூடலூர் வக்கீல்:
அம்மா, அதை எடுத்து வெட்டியதே தனிக் குற்றம். புதிய தண்டனைச் சட்டமான நியாய சன்ஹிதாவில் பிரிவு 118, அபாயகரமான கருவியால் காயப்படுத்துதல். வெட்டுவதற்கு முன்பே பிடிக்கவும் வழி இருக்கிறது. தாக்கவென்றே செய்த பொருளைக் கெட்ட காரியத்துக்குக் கொண்டுபோகிறார் என்று சந்தேகப்பட நியாயமான காரணம் இருந்தால், ஆயுதச் சட்டம் பிரிவு 20இல் வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். கலெக்டர் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 163இல் தற்காலிகத் தடையும் போடலாம், இரண்டு மாதம் வரை. ஆனால் அது அவசர நிலைமைக்கான அதிகாரம். வருஷா வருஷம் சீசனுக்கு என்று போடுவது சரியில்லை.

மசினகுடி:
ஊட்டி, கோத்தகிரியோடு பேச்சை முடித்துவிடாதீர்கள். எங்கள் பக்கம் காட்டுச் சட்டம் தனி. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் ஆயுதம் என்பதன் பட்டியலில் கத்தி என்றே எழுதியிருக்கிறது, கொக்கி, வலை எல்லாம் சேர்த்து. பிரிவு 31படி எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் போகக் கூடாது. புல் அறுக்கும் அரிவாளா, வேட்டைக் கத்தியா என்று அதில் பிரித்துச் சொல்லவில்லை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமோ தேன் எடுக்கவும் சிறு வனப் பொருள் சேகரிக்கவும் காட்டில் வாழும் எங்களுக்கு உரிமை தருகிறது. அடையை எதால் அறுப்பது? உரிமை கொடுத்தவர்கள் கத்திக்கும் சேர்த்து எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். ரேஞ்சர் மாறும்போதெல்லாம் புதிதாக விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

மஞ்சூர்க்காரன், லண்டன்:
இங்கே 1988 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. பூட்டு இல்லாத, அலகு 3 அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக் கத்தி மட்டும் பொது இடத்தில் வைத்திருக்கலாம். மற்றதற்கு நியாயமான காரணம் காட்ட வேண்டும். வேலை, மதம், பாரம்பரிய உடை இவை காரணமாகும். அந்தச் சிறிய மடக்குக் கத்தி தவிர மற்றதை 18 வயதுக்குக் கீழே இருப்பவருக்கு விற்கக் கூடாது. அந்த அக்கா கேட்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

சேரிங்கிராஸ் கடை:
இதேதான் தம்பி. காரணம் இருந்தால் சொல்லட்டும், இல்லாவிட்டால் கத்தியை வைத்துவிட்டு வரட்டும்.

கோத்தகிரி தேயிலை:
அங்கேதான் பயமாக இருக்கிறது. காரணத்தை யார் நிரூபிப்பது? லண்டனில் தச்சர் ஒருவர் முதலாளியின் போன் நம்பரைக் கொடுத்துவிடுவார். நாள்கூலிக்கு வருகிறவரிடம் என்ன காகிதம் இருக்கிறது? அந்த இரண்டு பேரும் "கவாத்துக்குப் போறோம் சார்" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். கேட்கவில்லையே! காரில் வந்த பையன் "ஆப்பிள் வெட்ட" என்று சொன்னால் நம்பி விட்டுவிடுவார்கள். காரணம் சொல்லும் பாரம் ஏழை தலையில்தான் விழும்.

சேரிங்கிராஸ் கடை:
அதற்காக யாரையுமே கேட்காமல் விடுவதா? கூட்டமான பஸ்ஸில் சாணை பிடித்த கத்தி திறந்த பையில் இருந்தால், பிரேக் போட்டாலே பக்கத்துச் சீட்டுக் குழந்தை மேல் படும். குற்றம் நடக்க வேண்டும் என்பதே இல்லை.

கோத்தகிரி தேயிலை:
அது நியாயம். சாக்குத் துணி சுற்றிக் கயிறு கட்டி எடுத்துவருவதுதான் பழைய ஆட்களின் வழக்கம். இப்போது சிலர் அப்படியே பையில் போட்டுக்கொள்கிறார்கள். உறையில் போட்டுக் கட்டியிருக்க வேண்டும் என்று விதி வந்தால் நான் எதிர்க்க மாட்டேன். உறையை எங்கள் சங்கமே தைத்துக் கொடுக்கட்டும்.

கூடலூர் வக்கீல்:
அப்படியானால் திங்கட்கிழமை குறைதீர்க் கூட்டத்தில் மனு கொடுப்போம். நான் எழுதித் தருகிறேன். உறையிட்ட விவசாயக் கருவியைப் பஸ்ஸில் தடுக்கக் கூடாது, கைப்பற்றினால் ரசீது தர வேண்டும், வனத்துறை அனுமதிச் சீட்டு ஆளுக்கு ஒன்றாக ஒரு வருஷத்துக்குச் செல்லுபடியாக வேண்டும்.

மசினகுடி:
சீட்டு தமிழில் இருக்கட்டும் சார். எங்கள் பாடியில், அதாவது எங்கள் குடியிருப்பில், கையெழுத்து வாங்கி வருகிறேன்.

சேரிங்கிராஸ் கடை:
பட்டன் கத்தியைப் பள்ளிக்கூடப் பையன்களுக்கு விற்கக் கூடாது என்ற வரியையும் சேர்த்தால்தான் என் கையெழுத்து. எங்கள் தெருவில் கேட்டால் எல்லாக் கடைக்காரர்களும் போடுவார்கள்.

கோத்தகிரி தேயிலை:
சேர்த்துக்கொள்ளுங்கள் வக்கீல் சார். பிடுங்கின இரண்டு கத்தியைப் பற்றியும் ஒரு வரி போடுங்கள். அடுத்த வாரமும் கவாத்து இருக்கிறது.