தேசித் தளிரில் வெள்ளிக் கோடுகள்: எந்தப் பூச்சியின் வேலை?

கேள்வி (உப்புவெளி)

உப்புவெளியில் எங்கள் வளவில் நிற்கும் இரண்டு வயதுத் தேசிக்கன்று, மார்கழி மழை ஓய்ந்தபின் நிறையத் தளிர்விட்டது. அந்தத் தளிர்களில் மட்டும், நத்தை ஊர்ந்ததைப் போல வெள்ளிநிறக் கோடுகள் வளைந்து வளைந்து ஓடுகின்றன. துடைத்தால் போவதில்லை, ஒவ்வொரு கோட்டின் நடுவிலும் நூல் போன்ற கறுப்பு வரி தெரிகிறது. இரவில் விளக்குடன் தேடியும் நத்தை எதுவும் அகப்படவில்லை. மருந்து அடிக்க வேண்டுமா?

மறுமொழி 1 (தம்பலகாமம்)

கோடு இலையின் மேல் அல்ல, உள்ளே இருக்கிறது. அதனால்தான் துடைத்தால் போவதில்லை. இது 1856இல் ஆங்கிலேயப் பூச்சியியலாளர் ஸ்டெயின்ரன் பெயரிட்ட ஃபில்லொக்னிஸ்டிஸ் சிட்ரெல்லா என்னும் மிகச் சிறிய அந்துப்பூச்சியின் குடம்பி செய்த சுரங்கம். தாய்ப்பூச்சி இளந்தளிரில், பெரும்பாலும் நடுநரம்பை ஒட்டி, முட்டைகளைத் தனித்தனியாக இடுகிறது. பொரித்த குடம்பி மேற்றோலின் அடியில் நேரே புகுந்து, கலங்களைக் கிழித்துச் சாற்றை உண்டபடி முன்னேறுகிறது. நீங்கள் கண்ட கறுப்பு வரி அதன் எச்சம். உண்டு முடித்த குடம்பி இலையின் ஓரத்தை அடைந்து, பட்டு நூலால் அவ்வோரத்தை மடித்து, அதற்குள் கூட்டுப்புழுவாகிறது. வெப்பமான காலத்தில் முட்டையிலிருந்து அந்து வரை இரண்டு மூன்று கிழமைகள் போதும். குளிரில் ஒரு மாதத்துக்கு மேலும் நீளலாம்.

அந்து ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் நீளமே. வெள்ளிபோல் மின்னும் முன்சிறகுகளில் மங்கிய கபில வரிகளும், ஒவ்வொரு நுனியிலும் ஒரு கரும்புள்ளியும் உண்டு. பின்சிறகுகள் மயிர்விளிம்புடன் இறகு போல் ஒடுங்கியவை. இத்தனை அழகான பூச்சியைப் பலர் பார்க்காமலே இருப்பதற்குக் காரணம், அது மாலையிலும் இரவிலும் பறப்பதுதான்.

மறுமொழி 2 (மூதூர்)

மேலே தெளிக்கும் மருந்து மேற்றோலுக்கு அடியில் இருக்கும் குடம்பியை எளிதில் எட்டாது. அதன் இயற்கை எதிரிகளான சிறு குளவிகளையே முதலில் கொல்லும். சுருண்ட இலைகளை வெட்டவும் வேண்டாம், அவற்றின் பச்சைப் பகுதி இன்னும் கன்றுக்கு உணவு தயாரிக்கிறது. வளர்ந்த மரம் இதைத் தாங்கும். கன்றில் கவனிக்க வேண்டியது வேறு: சுரங்கம் கிழிந்த இடங்களின் வழியே சொறிநோய்ப் பக்றீரியா புகக்கூடும். அளவுக்கு மீறி யூரியா இடுவதையும் தவிருங்கள், ஏனெனில் ஓயாத தளிர் அந்துக்கு ஓயாத விருந்து.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. ஓரம் மடிந்த மூன்று இலைகளைப் பறித்து, வாயில் மெல்லிய துணி கட்டிய போத்தலில் வைத்தேன். ஆறாம் நாள் விடியலில் இரண்டு வெள்ளி அந்துகள் கண்ணாடியில் ஒட்டியிருந்தன. உருப்பெருக்கியில் கரும்புள்ளி தெளிவாகத் தெரிந்தது. மூன்றாம் இலையிலிருந்து அந்து வரவில்லை, எறும்பிலும் சிறிய ஒரு குளவி வந்தது. அதைத் தேசிக்கன்றின் அடியில் திறந்துவிட்டேன்.