கானாவில் நான்கு முறை ஆட்சி மாறியது ஏன்?

கேள்வி: 1992 அரசியலமைப்புக்குப் பின் கானாவில் 2001, 2009, 2017, 2025 என நான்கு முறை எதிர்க்கட்சி ஆட்சியைப் பிடித்திருக்கிறது. மக்களின் கோபம் மட்டும்தான் காரணமா? மாறினால் கீழ்மட்டத்தில் என்ன ஆகிறது?

பதில் 1: கோபம் மட்டும் போதாது. ஒருவர் இரண்டு தடவைக்கு மேல் அதிபராக முடியாது என்ற விதிதான் முதலில் கதவைத் திறக்கிறது. நான்கில் மூன்று தேர்தல்களில் (2000, 2008, 2024) பதவியில் இருந்தவர் போட்டியிலேயே இல்லை. 2016 மட்டும் விதிவிலக்கு: அதிபராக இருந்தபடியே மஹாமா தோற்றார். "டும்சோர்" என்று ஊரே சலித்துக்கொண்ட மின்வெட்டுக்கு அதில் பெரிய பங்கு.

அடுத்தது, 50 சதவீதத்தைத் தாண்ட வேண்டும், யாரும் தாண்டாவிட்டால் முதல் இருவருக்கும் இடையே இரண்டாம் சுற்று என்ற விதி. 2000இல் முதல் சுற்றில் எதிர்க்கட்சி வேட்பாளர் குஃபுவோருக்கு 48 சதவீதம்தான். சிறு கட்சிகள் அவர் பக்கம் சாய்ந்ததும் இரண்டாம் சுற்றில் ஏறக்குறைய 57. 2008இல் முதல் சுற்றில் முந்திய ஆளுங்கட்சி வேட்பாளர் அகுஃபோ-அடோ, இரண்டாம் சுற்றில் எதிர்க்கட்சியின் மில்ஸிடம் 40,586 வாக்கில் தோற்றார். கடைசியாக டெயின் என்ற ஒரே தொகுதியில் 2009 ஜனவரி 2 அன்று வாக்குப்பதிவு. பதவியேற்பு ஜனவரி 7!

பதில் 2: கீழ்மட்டத்தில் நடப்பதற்குப் பொதுக் கழிப்பறையைப் பாருங்கள். சிரிக்க வேண்டாம், அங்கே கட்டணம் வசூலாகிறது, அதை நடத்தும் உரிமை ஆளுங்கட்சிக்காரருக்குப் போகும். 2009இல் வென்ற கட்சியின் தொண்டர்கள் கழிப்பறைகளையும் சுங்கச் சாவடிகளையும் தாங்களாகவே கைப்பற்றினார்கள். 2017இல் வேறு கட்சி வந்தது, பழக்கம் அப்படியே இருந்தது: புதிய ஆளுங்கட்சியை ஆதரித்த டெல்டா ஃபோர்ஸ் என்ற அடாவடிக் குழு குமாசி நகரில் நீதிமன்றத்துக்குள் புகுந்து தன் ஆட்களை மீட்டுக்கொண்டு போனது. இத்தகைய குழுக்களைத் தடைசெய்யும் சட்டம் 2019இல்தான் வந்தது.

பதில் 3: ஆட்சியை ஒப்படைப்பதற்கென்று 2012இலேயே தனிச் சட்டம் உண்டு, ஒவ்வொரு துறையும் ஒப்படைப்புக் குறிப்பு எழுதியாக வேண்டும். ஆனால் சிக்கல் டிசம்பர் 7 வாக்குப்பதிவுக்கும் ஜனவரி 7க்கும் நடுவிலுள்ள ஒரு மாதம். போகிறவர்கள் அவசர நியமனம் செய்வார்கள், வருகிறவர்கள் அதை ரத்து செய்வார்கள். 2024 டிசம்பர் 7க்குப் பின் நடந்த அரசுப்பணி நியமனங்களை ரத்து செய்யச் சொல்லி 2025 பிப்ரவரியில் உத்தரவு வந்தது. வேலையில் சேர்ந்து சில வாரமே ஆனவர்களும் அதில் மாட்டினார்கள்.

கட்டடங்களின் கதியும் இதுதான். மஹாமா காலத்தில் 5,000 வீடுகள் என்று தொடங்கிய சக்லெமி என்ற அரசுக் குடியிருப்புத் திட்டத்தில் எழும்பியவை 1,506. 2017க்குப் பின் அவையும் ஆளில்லாமல் கிடந்தன.