லண்டன் பாரில் நாளை சோதனை வேலை. டிக் பிராட்செல் யார்?

மதுரைத் தம்பி: வணக்கம். லண்டனுக்கு வந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. நாளை மாலை சோஹோ பகுதியில் ஒரு காக்டெய்ல் பாருக்குச் சோதனை வேலைக்காக வரச் சொல்லியிருக்கிறார்கள். டிக் பிராட்செலைத் தெரியுமா என்று மேலாளர் கேட்டபோது, பதற்றத்தில் தெரியும் என்று சொல்லிவிட்டேன். வேலை கிடைக்காவிட்டால் அடுத்த மாத வாடகைக்கு வழியில்லை.

குரோய்டன்வாசி: என்ன விசா என்று சொல்லவில்லையே, தம்பி? நான் வந்த புதிதில் ஐந்து மாதங்கள் ஒரு பாரில் கோப்பை கழுவினேன்; அங்கே பெயர்களை யாரும் கேட்கவில்லை, வேகத்தை மட்டுமே பார்த்தார்கள்.

ஈஸ்ட்ஹாம் அக்கா: வேகம் மட்டும் போதாது, பெயர்களும் தெரிந்திருக்க வேண்டும். பழைய காக்டெய்ல்களை மீட்டவர் என்றால் முதலில் அமெரிக்க பார்டெண்டர் டேல் டிகிராஃப்தான். 1987இல் மீண்டும் திறக்கப்பட்ட நியூயார்க்கின் ரெயின்போ ரூம் உணவகத்தில், ஜோ பாம் என்ற உணவக முதலாளியின் தூண்டுதலால், அமெரிக்க மதுவிலக்குக்கு முந்தைய செய்முறைகளைத் தேடியெடுத்து, ஆயத்தக் கலவைகளை ஒதுக்கிவிட்டு, அன்றன்று பிழிந்த சாற்றைக் கொண்டே பானங்களைச் செய்தார்.

குரோய்டன்வாசி: வரலாறு வாடகை கட்டாது, அக்கா. என் முதல் முதலாளி டிப்ஸில் ஒரு பென்னிகூடத் தந்ததில்லை.

ஈஸ்ட்ஹாம் அக்கா: 2024 அக்டோபர் முதல் டிப்ஸ் முழுவதையும் ஊழியர்களுக்கே தர வேண்டும் என்பது சட்டம்.

ஹாரோ அண்ணன்: தம்பி கேட்டதற்கு வருவோம். நியூயார்க்கில் டிகிராஃப் செய்ததை லண்டனில் செய்தவர் பிராட்செல். 1980களில் சோஹோவின் ஃப்ரெட்ஸ் கிளப்பில், வைட் தீவில் கழிந்த இளமையில் பறித்த பிளாக்பெரிகளின் நினைவோடு, அவர் பிராம்பிள் என்ற காக்டெய்லை உருவாக்கினார்: நொறுக்கிய ஐஸின்மேல் ஜின், எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு, கடைசியில் மெல்ல வடியவிடும் பிளாக்பெரி லிக்கர் என்ற இனிப்பு மது. எலுமிச்சை அப்போதே பிழிந்ததாக இல்லாவிட்டால் லிக்கரின் இனிப்பு மட்டுமே நாக்கில் நிற்கும். வோட்காவும் காபியும் சேரும் எஸ்பிரெசோ மார்டினியும் அவருடையதே. காபியைப் புதிதாக இறக்கிச் சூடாகவே ஊற்றி, ஐஸோடு பலமாகக் குலுக்கினால்தான் மேலே நுரை நிற்கும். இன்றிரவு இந்த இரண்டையும், ஊற்றும் ஒவ்வொன்றையும் ஜிகர் என்ற அளவுக் கோப்பையால் அளந்து, கை பழகும்வரை செய்யுங்கள். நாளை போனதும், அன்று அவரைத் தெரியாமலே தெரியும் என்றேன், இப்போது படித்துவிட்டு வந்திருக்கிறேன் என்று மேலாளரிடம் சொல்லிவிடுங்கள்.

மதுரைத் தம்பி: மிக்க நன்றி, அண்ணா. என்னுடையது மாணவர் விசா. ஏற்கெனவே ஒரு கடையில் வாரம் 12 மணி நேரம் வேலை செய்கிறேன்.

ஹாரோ அண்ணன்: அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். பட்டப்படிப்பு மாணவர்களுக்கு வகுப்பு நடக்கும் காலத்தில் எல்லா வேலைகளும் சேர்த்து வாரம் 20 மணி நேரம்தான் வரம்பு. ஆகவே பாருக்கு 8 மணி நேரத்துக்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.